புதிய சுரங்கம் அப்பகுதி நீரை என்ன செய்யும்? மதிப்பிடும் முறை, படிப்படியாக

ஒரு சுரங்கத் திட்ட அறிக்கையைக் கையில் கொடுத்து, "இதனால் இங்குள்ள நீருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டால், புதிதாக வருபவர்களில் பலர் முதலில் கணினியைத் திறக்கிறார்கள். வண்ண வண்ணமாக நீர்மட்ட வரைபடம் வந்துவிடும். அதை நம்பலாமா என்று கேட்டால் பதில் வராது. அடியில் இருக்க வேண்டிய அளவீடு எதுவும் எடுக்கப்பட்டிருக்காது. எடுப்பதற்கான மழைக்காலமும் கடந்து போயிருக்கும்.

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் வரிசையில்தான் நிகழ்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதையே பிடித்துக்கொண்டு போகிறது. திறந்தவெளிச் சுரங்கம், நிலத்தடிச் சுரங்கம் இரண்டுக்கும் இதே படிகள் பொருந்தும். மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. நாளாகும் வேலைகளை முதலில் தொடங்குங்கள்

மூன்று வேலைகளைப் பணம் கொடுத்து விரைவுபடுத்த முடியாது. முதலாவது, இயற்கையான நீர்மட்டத்தையும் ஓடைகளின் ஓட்டத்தையும் பருவம் முழுக்க அளப்பது. குறைந்தது ஒரு முழு நீராண்டு, அதாவது ஒரு மழைக்காலத் தொடக்கத்திலிருந்து அடுத்தது வரை, வேண்டும். இரண்டு கிடைத்தால்தான் எந்த ஆண்டு வழக்கமானது, எது விதிவிலக்கு என்று பேசவாவது முடியும். இரண்டாவது, கண்காணிப்புக் கிணறுகளைத் தோண்டி, அவை நிலைப்படும் வரை காத்திருப்பது. மூன்றாவது, பாறையின் நீண்டகாலச் சோதனை. பொடித்த பாறையைக் கலத்தில் இட்டு, வாரந்தோறும் ஈரக்காற்றும் உலர்காற்றும் மாற்றி மாற்றிச் செலுத்தி, கழுவிவரும் நீரைச் சோதிப்பார்கள். 20 வாரம் என்பது குறைந்தபட்சம். பல பாறைகள் 40 வாரம் கடந்த பிறகுதான் தம் குணத்தைக் காட்டத் தொடங்கும்.

மற்ற எல்லாவற்றையும் இந்த மூன்றுக்கும் நடுவே செய்துகொள்ளலாம். அறிக்கைக்கு நான்கு மாதம் இருக்கும்போது பாறைச் சோதனை நினைவுக்கு வந்தால், அந்த அத்தியாயத்தில் ஊகம்தான் இருக்கும்.

கையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை: உயரக் கோடுகள் உள்ள நில வரைபடம், நிலவியல் வரைபடம், அருகிலுள்ள மழைமானிகளின் தினசரிப் பதிவு, சுரங்கக் குழி ஆண்டுவாரியாக எந்த ஆழத்துக்குப் போகும் என்ற திட்டம், நீர்மட்ட அளவு நாடா, களத்தில் பிஎச் மதிப்பையும் மின்கடத்துதிறனையும் அளக்கும் கருவி.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். தாது இருக்கிறதா என்று பார்க்க நிறுவனம் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் துளையிட்டிருக்கும். அந்தக் குழுவுக்குத் தாதின் மீதுதான் கண்; எந்த ஆழத்தில் நீர் பாய்ந்துவந்தது, எங்கே துளையிடும் திரவம் காணாமல் போனது என்பதை யாரும் கேட்காவிட்டால் எழுத மாட்டார்கள். ஒரு பக்கப் படிவம் அச்சடித்து அவர்களிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நீர்த் தகவல் வேறு இல்லை.

2. திட்டத்தை நீரின் பக்கமிருந்து படியுங்கள்

திட்ட அறிக்கை தாதுவை மையமாக வைத்து எழுதப்பட்டிருக்கும். நீங்கள் அதிலிருந்து ஐந்தே கேள்விகளுக்கு விடை எடுங்கள். குழியின் அடிமட்டம் நீர்மட்டத்துக்குக் கீழே போகிறதா, எந்த ஆண்டில்? கழிவுப் பாறைக் குவியலும் தாதுக்கழிவுச் சேற்றுத் தேக்கமும் எங்கே அமைகின்றன? ஆலைக்கு எவ்வளவு நீர் வேண்டும், எங்கிருந்து? மிஞ்சும் நீர் எங்கே விடப்படும்? மூடிய பிறகு குழி என்னவாகும்?

குழி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிடுமானால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். கீழே போகுமானால் இறைக்காமல் தோண்ட முடியாது; இறைத்தால் சுற்றுப்புற நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழும். நிலத்தடிச் சுரங்கமாக இருந்து கூரை இடிந்து அமர விடுவார்களென்றால் மேலுள்ள பாறை விரிசல் விட்டு ஓடையே உள்ளே இறங்கக்கூடும். அங்கே நிலம் எவ்வளவு அமிழும் என்ற கணக்கை முதலிலேயே கேளுங்கள்.

3. எல்லையைச் சுரங்க வேலியில் நிறுத்தாதீர்கள்

ஆய்வுப் பகுதி என்று குத்தகை எல்லையைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது பழக்கமாகிவிட்டது. நீருக்கு அந்த வட்டம் தெரியாது. மேற்பரப்பு நீருக்கு நீர்ப்பிடிப்புப் பகுதியின் முகடுகளே எல்லை. நிலத்தடி நீருக்குப் பெரிய ஆறு, நீர் புகாத பாறை, நீர்ப்பிரிமுகடு போன்ற இயற்கைத் தடைகள் எல்லை.

கீழ்நோக்கி எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு, தேக்க அணை உடைந்தால் சேறு எங்கே போகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2015 நவம்பரில் பிரேசிலின் மரியானா நகராட்சிப் பகுதியில் ஃபுண்டாவோ அணை உடைந்தபோது, சேறு டோஸ் ஆற்றின் வழியாக அட்லாண்டிக் கடல்வரை போய்ச் சேர்ந்தது. அணையிலிருந்து கடலுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல்.

4. யார் எந்த நீரைக் குடிக்கிறார்கள் என்று எழுதுங்கள்

பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் முன்னால் வைக்கக் காரணம் உண்டு: எந்தக் கிணறு, எந்த ஊற்று, எந்தச் சதுப்புநிலம் பாதிக்கப்படக்கூடும் என்று தெரியாமல் கண்காணிப்புக் கிணறு எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யவே முடியாது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம். மொத்த ஆழம், விட்டம், மோட்டார் தொங்கும் ஆழம், இன்றைய நீர்மட்டம், எத்தனை மணிநேரம் இறைத்தால் வற்றுகிறது, கடும் கோடையில் எவ்வளவு மிஞ்சுகிறது, யாருக்கு எதற்குப் பயன்படுகிறது. கடைசி மூன்றும் எந்தப் பதிவேட்டிலும் இராது. கிணற்றுக்காரரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும். "இருபது ஆண்டில் இரண்டே முறைதான் வற்றியது" என்று அவர் சொல்லும் ஒரு வரி, ஓராண்டு அளவீட்டில் கிடைக்காத செய்தி.

ஊற்றுகளை மழைக்காலத்தில் தேடாதீர்கள். எங்கும் ஈரமாக இருக்கும்போது எல்லாமே ஊற்றாகத் தெரியும். வறண்ட பருவத்தின் கடைசி வாரங்களில் நடந்து போனால் உண்மையான ஊற்று தானே கண்ணில் படும்.

5. கண்காணிப்புக் கிணறுகளைச் சரியாக அமையுங்கள்

ஒரே நீர்த்தாங்கிப் பாறையில் ஒரே கோட்டில் வராத மூன்று கிணறுகள் இருந்தால்தான் நீர் ஓடும் திசை தெரியும். மேற்புறம் ஒன்றாவது, சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத தொலைவில், ஒப்பீட்டுக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை நீர்மட்டம் தாழும்போது அது சுரங்கத்தாலா, மழை பொய்த்ததாலா என்ற வழக்கு முடியவே முடியாது.

வடிகுழாயின் நீளத்தைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஓட்டை போட்ட ஒரே நீளக் குழாய் போட்டால் மேல்மண் நீரும் ஆழ்பாறை நீரும் கலந்து, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் அளவு கிடைக்கும். போதாக்குறைக்கு அந்தக் கிணறே இரண்டு அடுக்குகளையும் இணைக்கும் புதுப் பாதையாகிவிடும். ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களில் தனித்தனிக் குழாய்கள் வைத்தால், நீர் கீழிறங்குகிறதா மேலேறுகிறதா என்பதும் தெரியும்.

இனி நான் மீண்டும் மீண்டும் பார்த்த பிழை. முதல் கிணற்றில் தரையிலிருந்து 9.6 மீட்டர் கீழே நீர். இரண்டாவதில் 6.1 மீட்டர். புதியவர் உடனே, "முதல் கிணற்றில்தான் நீர் ஆழமாக இருக்கிறது, ஆகவே நீர் அந்தப் பக்கம் ஓடுகிறது" என்று அம்பு போட்டுவிடுவார். கிணற்று வாய்களின் உயரத்தை அளந்து பாருங்கள். முதல் கிணறு கடல்மட்டத்திலிருந்து 112.0 மீட்டரில் இருக்கிறது. நீரின் உயரம் 102.4. இரண்டாவது 105.5 மீட்டரில், நீரின் உயரம் 99.4. ஓட்டம் முதலிலிருந்து இரண்டாவதை நோக்கி. அம்பு தலைகீழாகப் போடப்பட்டிருந்தது, அத்தனையும் ஒரு கழித்தல் கணக்கைச் செய்யாததால். எல்லாக் கிணற்று வாய்களையும் நில அளவைக் கருவியால் அளந்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஓடைகளிலும் இதே அக்கறை வேண்டும். வறண்ட காலத்து ஓட்டம் முழுவதும் நிலத்தடியிலிருந்து வருவது. சுரங்கம் முதலில் கைவைப்பதும் அதன்மீதுதான். வெள்ளத்தை அளக்கும் ஆர்வத்தில் மெலிந்த ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

6. நீர் மாதிரி: களத்தில் கெடுவது ஆய்வகத்தில் திருந்தாது

கிணற்றுக் குழாயில் தேங்கி நிற்பது நிலத்தடி நீரே அல்ல. குழாயோடும் காற்றோடும் வினைபுரிந்து வேறாகிப்போன நீர். குழாயின் கொள்ளளவுபோல் மூன்று மடங்கை இறைத்துக் கொட்டுவது பழைய வழக்கம். 10 சென்டிமீட்டர் விட்டம், 20 மீட்டர் நீர்த்தூண் என்றால் கொள்ளளவு சுமார் 157 லிட்டர். கொட்ட வேண்டியது 470 லிட்டர். எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றும் அசையாமல் நிற்கும்வரை இறையுங்கள்.

பிஎச் மதிப்பைக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிட்டால் பிஎச் ஏறிவிடும். மறுநாள் ஆய்வகம் தரும் எண் உங்கள் குப்பியின் பிஎச், கிணற்றினுடையது அல்ல.

கரைந்த உலோகத்துக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் மிதக்கும் மண்துகளில் இருக்கும் இரும்பும் மாங்கனீசும் அமிலத்தில் கரைந்து, நீரில் இல்லாத உலோகம் அறிக்கையில் ஏறிவிடும். அதே நைட்ரிக் அமிலம் விட்ட குப்பியை நைட்ரேட் சோதனைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், நான் முதல் ஆண்டில் செய்தேன். அமிலமே நைட்ரேட் என்பதை ஆய்வகத்துக்காரர் பொறுமையாக விளக்கினார்.

எதைச் சோதிப்பது? முக்கிய அயனிகள் எல்லாம், காரத்தன்மை, உலோகங்கள் கரைந்தவையும் மொத்தமும், அத்துடன் நைட்ரேட், அமோனியா. கடைசி இரண்டும் ஏனென்றால் பாறை பிளக்கும் வெடிமருந்தின் எச்சம் நீரில் அப்படித்தான் வரும். சுரங்கம் வருவதற்கு முன்பே எவ்வளவு இருந்தது என்று பதிவாகியிருக்க வேண்டும். வயல் உரத்திலிருந்தும் நைட்ரேட் வரும் அல்லவா?

முடிவு வந்ததும் கோப்பில் போடாதீர்கள். நேர்மின், எதிர்மின் அயனிகளை எடையிலிருந்து சமான அளவுக்கு, அதாவது மின்னேற்றக் கணக்குக்கு, மாற்றித் தனித்தனியாகக் கூட்டுங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் ஏதோ ஓர் அயனி விடுபட்டிருக்கிறது அல்லது ஏதோ ஓர் எண் தவறு. ஆய்வகம் மாதிரியைத் தூக்கி எறிவதற்குள் கேட்டால்தான் மறுசோதனை கிடைக்கும்.

7. பாறையிடம் கேளுங்கள்

நீரின் அளவைப் பற்றிய பாதிப்பு இறைப்பை நிறுத்தினால் மெல்ல ஆறலாம். தரத்தின் பாதிப்பு அப்படியல்ல. பைரைட் போன்ற சல்பைடு கனிமங்கள் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் ஆகின்றன. அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைக்கிறது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பிஎச் மைனஸ் 3.6 வரை அளக்கப்பட்டிருக்கிறது. பிஎச் பூச்சியத்துக்குக் கீழே போகுமா என்று வேதியியல் மாணவர்கள் வியக்கும் எண் அது.

முதல் சோதனை, அமிலக் கணக்கு. பாறை தரக்கூடிய அமிலத்தையும் அதை ஆற்றும் திறனையும் ஒரே அலகில், டன்னுக்கு இத்தனை கிலோ கால்சியம் கார்பனேட் என்று சொல்வார்கள். சல்பைடு கந்தகம் 1 விழுக்காடு என்றால் அமிலத்திறன் 31.25. ஒரு பாறையில் 1.2 விழுக்காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அமிலத்திறன் 37.5. ஆற்றும் திறன் 45 என்று ஆய்வகம் சொல்கிறது. 45 பெரிதாக இருக்கிறதே, ஆபத்தில்லை என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 45-ஐ 37.5-ஆல் வகுத்தால் விகிதம் 1.2-தான். பொதுவாக 1-க்குக் கீழே அமிலம் வரும் என்றும், 2-க்கு மேலே வராது என்றும் கொள்கிறார்கள். நடுவில் இருப்பது "தெரியாது" வகை. தெரியாது என்றால் முதல் படியில் சொன்ன நீண்ட சோதனைக்குப் போக வேண்டும்.

ஆற்றும் திறனையும் அப்படியே நம்பக் கூடாது. இரும்புக் கார்பனேட் சோதனைக் குழாயில் அமிலத்தைத் தணிப்பதுபோலக் காட்டும். வெளியே, கரைந்த இரும்பு காற்றில் மீண்டும் அமிலத்தை உண்டாக்கி அந்தத் தணிப்பை இல்லாமல் ஆக்கிவிடும். கனிமங்கள் எவை என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எத்தனை பாறை மாதிரிகள் எடுப்பது என்பதில்தான் நிறையச் சண்டை நடக்கும். வெவ்வேறு பாறைகளைக் கலந்து ஒரே பொதி செய்து சோதித்தால் சராசரி அழகாக வரும். ஆனால் குவியலில் மழை சராசரியாக இறங்காது. அமிலப் பாறை ஓரிடத்தில் கிடந்தால் அங்கிருந்து அமிலம் கசியும், பக்கத்துக் குவியலில் சுண்ணாம்புப் பாறை எவ்வளவு கிடந்தாலும். ஒவ்வொரு பாறை வகைக்கும், அது எவ்வளவு டன் வெளியே வரப்போகிறதோ அதற்கேற்ப, தனித்தனியாக மாதிரிகள்.

இரண்டு நுணுக்கங்கள். அமிலம் உடனே வராது; ஆற்றும் கனிமம் தீரும்வரை, சில சமயம் பல ஆண்டுகள், நீர் நன்றாகவே இருக்கும். அந்த நிம்மதியான காலத்தில் பிஎச் மாறாமல் சல்பேட் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். இன்னொன்று, ஆர்செனிக், ஆன்டிமனி, செலினியம், துத்தநாகம் போன்றவை அமிலமில்லாத நீரிலும் கரைந்து வரும். "அமிலமில்லை" என்பதை "பாதிப்பில்லை" என்று படிக்காதீர்கள்.

8. கணினிக்கு முன் காகிதம்

இப்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் வரையுங்கள். குறுக்குவெட்டுப் படம் போதும்: மழை எங்கே இறங்குகிறது, எந்த அடுக்கில் ஓடுகிறது, எங்கே வெளிவருகிறது, பாறைப் பிளவுகள் எங்கே, குழி எங்கே வெட்டுகிறது. அம்புகளோடு எண்களையும் போடுங்கள்.

பிளவுகளுக்கு நேரம் கொடுங்கள். ஒரே பிளவு நீரைத் தடுக்கும் சுவராகவும் இருக்கலாம், கால்வாயாகவும் இருக்கலாம். வரைபடத்துக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் இறைத்து மறுபக்கக் கிணறு தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது 24 மணிநேரம், முடிந்தால் 72 மணிநேரம் நீடிக்கும் இறைப்புச் சோதனையை இதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு நீர்மட்டம் மீளும் வேகத்தையும் அளவெடுங்கள்; மோட்டாரின் ஏற்ற இறக்கம் அதில் கலக்காததால் பெரும்பாலும் அதுதான் சுத்தமான தரவு. ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்கும் சிறு சோதனை குழாயைச் சுற்றிச் சில மீட்டரை மட்டுமே சொல்லும். அதை வைத்து முழுச் சுரங்கத்தையும் பேசுகிற அறிக்கைகள் ஏராளம்.

சுண்ணாம்புக் குகைப் பாறையாக இருந்தால் இங்கே நின்று யோசியுங்கள். நீர் அங்கே குழாய்களில் ஓடுவதுபோல ஓடும். கீழே சொல்லும் சீரான பாறைக் கணக்குகள் பொருந்தா. சாயம் விட்டுப் பார்க்கும் தடச் சோதனைதான் வழி.

9. ஒரு கைக்கணக்கு

குழிக்குள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வரும்? வட்டமான குழி, சீரான பாறை என்று வைத்துக்கொண்டால் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. உயரங்களை நீர்த்தாங்கிப் பாறையின் அடியிலிருந்து அளந்து, வெளியே நீரின் உயரத்தின் வர்க்கத்திலிருந்து குழியோர நீரின் உயரத்தின் வர்க்கத்தைக் கழித்து, பை (π) மதிப்பாலும் பாறை நீரை ஊடுருவ விடும் அளவான ஊடுருவுதிறனாலும் பெருக்கி, நீர்மட்டத் தாழ்வு எட்டும் தொலைவான பாதிப்பு ஆரத்துக்கும் குழி ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் வகுக்க வேண்டும்.

வெளியே 60 மீட்டர், குழியோரம் 10 மீட்டர், குழி ஆரம் 200 மீட்டர், பாதிப்பு ஆரம் 1,500 மீட்டர், ஊடுருவுதிறன் நாளுக்கு 1 மீட்டர் என்றால் விடை சுமார் 5,450 கன மீட்டர். ஊடுருவுதிறன் 0.1 என்றால் 545. 10 என்றால் 54,500. மற்ற எதையும் மாற்றவில்லை. ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஊடுருவுதிறன் பத்து மடங்கு மாறுவது சாதாரணம். பாதிப்பு ஆரமும் கூடவே மாறும் என்பதால் உண்மையில் இந்த இடைவெளி கொஞ்சம் வேறுபடும். ஆனாலும் எந்த எண்ணைத் துல்லியமாக அளப்பதில் பணம் போட வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லிவிட்டது. கணினி விடையை ஒப்பிட்டுப் பார்க்கவும் இது கையில் இருக்கும்.

10. கணினி மாதிரி

மோட்ஃபுளோ போன்ற நிலத்தடி நீரோட்ட மென்பொருள்களின் வேலை நீங்கள் காகிதத்தில் வரைந்ததற்கு எண் போடுவது, அவ்வளவுதான். பிறர் செய்ததைச் சரிபார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது எல்லைகளை. நீர்மட்டம் மாறாத எல்லை என்று ஒன்றைக் குழிக்கு அருகே வைத்துவிட்டால், அது வற்றாத தொட்டிபோல நீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீர்மட்டத் தாழ்வு அந்தக் கோட்டைத் தாண்டவே தாண்டாது. படத்தில் பாதிப்பு அழகாக அடங்கித் தெரியும்.

அடுத்தது, மாதிரியை எதனோடு பொருத்தினார்கள் என்பது. நீர்மட்டத்தோடு மட்டும் பொருத்தினால் போதாது. மழைநீர் ஊறும் அளவையும் ஊடுருவுதிறனையும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் நீர்மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். குழிக்குள் வரும் நீர் மட்டும் இரட்டிப்பாகும். ஓடையின் வறண்ட கால ஓட்டத்தையும் பொருத்தினால்தான் இந்த வலையிலிருந்து தப்பலாம். ஐந்தாம் படியில் மெலிந்த ஓட்டத்தை அளக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஒரே விடையை ஏற்காதீர்கள். நம்பத்தகுந்த அளவுகளின் இரு முனைகளையும் ஓட்டிப் பார்த்து, மோசமான முனையில் எந்தக் கிணறு வற்றுகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

11. சராசரியில் மறைவது

நீர்மட்டத் தாழ்வை எப்போதும் வறண்ட கால மட்டத்திலிருந்து கழியுங்கள். 15 மீட்டர் ஆழக் கிணறு. ஆண்டுச் சராசரியாக 9 மீட்டரில் நீர். சுரங்கத்தால் 3 மீட்டர் தாழும் என்கிறது அறிக்கை. மிச்சம் 3 மீட்டர் இருக்கிறதே என்று தோன்றும். கோடைக் கடைசியில் அதே கிணற்றில் நீர் 12.5 மீட்டரில் நிற்கிறது. 3 மீட்டர் தாழ்ந்தால் கிணறு காலி. நான்காம் படியில் கிணற்றுக்காரரிடம் கேட்டு எழுதிய வரி இங்கே உதவும்.

ஓடையில் விடப்படும் நீருக்கும் அப்படியே. சுரங்கம் நொடிக்கு 20 லிட்டர் விடுகிறது, அதில் சல்பேட் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம். ஓடையில் நொடிக்கு 80 லிட்டர், சல்பேட் 50. கலந்தால் 340. ஓடை 10 லிட்டராக மெலிந்த நாளில் அதே வெளியேற்றம் கலந்தால் ஆயிரத்தைத் தாண்டும். சல்பேட் 250 அளவிலேயே நாக்குக்குத் தெரியத் தொடங்கும். அறிக்கையில் முதல் எண் மட்டும் இருந்தால் இரண்டாவதைக் கேளுங்கள்.

மறுமுனையில் வெள்ளம். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைத்திருக்கிறோம் என்பது பாதுகாப்பாக ஒலிக்கும். 20 ஆண்டு ஓடும் சுரங்கத்தில் அந்த மழை ஒருமுறையாவது வர வாய்ப்பு 18 விழுக்காடு. ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்த நாளில் தேக்கம் நிரம்பி வழியுமா, எங்கே வழியும் என்பது நீர்க்கணக்கில் இருக்க வேண்டும். அணையின் அடித்தளமும் உங்கள் பாடம்தான்: 2014 ஆகஸ்டில் கனடாவின் மவுண்ட் பாலி தேக்கம் உடைந்தது அடியிலிருந்த வலுவற்ற களிமண் அடுக்கைச் சரியாகக் கணிக்காததால்.

12. இறைப்பை நிறுத்திய பிறகு

மூடல் அத்தியாயம் அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு பக்கம். பாதிப்பின் உச்சமோ பல இடங்களில் அதற்குப் பிறகுதான். மோட்டார் நின்றாலும் குழி நிரம்பும்வரை சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள கிணறுகளில் தாழ்வு அப்போதுதான் போய்ச் சேரும். குழி நிரம்பப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

நிரம்பிய ஏரி நீரை உள்ளே இழுக்கும் குழியா, வெளியே கசியவிடும் குழியா என்பதே இங்கே முக்கியமான கேள்வி. ஆவியாதல் மிகுந்து ஏரிமட்டம் சுற்றுப்புற நீர்மட்டத்துக்குக் கீழேயே நின்றால் கெட்ட நீர் உள்ளேயே அடைபடும், ஆனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மேலே ஏறினால் கீழ்ப்புறக் கிணறுகளுக்குப் போகும். அமெரிக்காவின் மொன்டானாவில் பெர்க்லி குழியின் இறைப்பு 1982-இல் நிறுத்தப்பட்டது. அமில நீர் ஏறத் தொடங்கியது. இன்றும் அதன் மட்டத்தைக் கட்டுப்படுத்த இறைத்துச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டு, 1992 ஜனவரியில் நிரம்பி உடைத்துக்கொண்டு ஆற்றைச் செந்நிறமாக்கியது. சில மாதங்களே போதுமானதாக இருந்தது.

சுத்திகரிப்பு தேவைப்படும் என்றால் எத்தனை ஆண்டு, யார் பணத்தில், நிறுவனம் இல்லாமல் போனால் எந்த வைப்புத்தொகையிலிருந்து என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள்.

13. முடிவைக் கிணறுவாரியாக எழுதுங்கள்

"பாதிப்பு மிதமானது" என்ற சொற்றொடரை அறிக்கையிலிருந்து நீக்கிவிடுங்கள். நான்காம் படியின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஊற்றுக்கும் நேரே எழுதுங்கள்: எந்த ஆண்டில், எவ்வளவு மாற்றம், எவ்வளவு உறுதியோடு சொல்கிறோம், எதை வைத்து. பக்கத்தில் வேறு சுரங்கமோ பெரிய பாசன இறைப்போ இருந்தால் அதன் தாழ்வையும் கூட்டித்தான் எண். கிணற்றுக்காரர் தன் வரியைத் தானே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

தணிப்பு நடவடிக்கை எதுவும் முழுதாகப் பலிக்கும் என்று வைத்துக் கணக்கிடாதீர்கள். அமெரிக்கச் சுரங்கங்கள் 25-ஐ எடுத்து, அனுமதிக்கு முன் சொன்ன கணிப்பையும் பிறகு நடந்ததையும் 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று ஒப்பிட்டது. 19 சுரங்கங்களில் நீர்த்தர வரம்பு மீறப்பட்டிருந்தது. கசிவைத் தடுக்கத் தேக்கத்தின் அடியில் போட்ட விரிப்பு கிழிந்தால், சுத்திகரிப்பு நிலையம் ஒரு மாதம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியாவது ஓட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு கண்காணிப்புக் கிணற்றுக்கும் இரண்டு எச்சரிக்கை எண்களைச் சுரங்கம் தொடங்கும் முன்பே குறியுங்கள். முதலாவதைத் தொட்டால் அளவீட்டை அடிக்கடி ஆக்கிக் காரணம் தேட வேண்டும்; இரண்டாவதைத் தொட்டால் இறைப்பையோ வெளியேற்றத்தையோ குறைக்க வேண்டும். எண்ணோடு செயலும் பொறுப்பாளரும் எழுதப்படாவிட்டால், எண் தாண்டப்பட்ட பிறகு கூட்டம் மட்டும்தான் நடக்கும்.

கடைசியாக, மூல அளவீடுகள் முழுவதையும், கிணற்று உயரங்கள், ஆய்வகத் தாள்கள், களக் குறிப்பேட்டின் படங்கள் உட்பட, அறிக்கையோடு இணைத்துப் பொதுவில் வையுங்கள். குழி தோண்டத் தொடங்கி முதல் 12 மாத அளவீடு வந்ததும், எட்டாம் படியில் வரைந்த தாளை எடுத்து அதன் அருகில் வையுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தில் அம்பை அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும்; கணினி மாதிரியை அதற்குப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.